விரலுக்குத் தெரிந்தது போதாது

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, எல்லாம் போனிலேயே பழகிக்கொள்கிறார்கள்." கொழும்பு கொட்டாஞ்சேனையில் எந்தப் பாடசாலையின் பெற்றோர் கூட்டத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். மூன்று வயதுக் குழந்தை யூடியூப்பைத் தானே திறக்கிறது என்று தாய் பூரிப்போடு சொல்வார். பரிசளிப்பு விழா மேடையில் பிரதம அதிதி அதையே நாட்டின் பெருமையாக்குவார்: இலங்கையின் டிஜிட்டல் எழுத்தறிவு ஆண்டுக்கு ஆண்டு உயர்கிறது, இளைய தலைமுறை உலகோடு போட்டி போட ஆயத்தமாகிவிட்டது, மிச்சம் இருப்பது முதியவர்களும் தோட்டப்புறமும்தான், அவர்கள் கையிலும் ஒரு கருவியைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

அரச திட்டங்களிலும் எங்கள் வீட்டு விறாந்தைகளிலும் ஒரே மாதிரி ஊறிப்போயிருக்கும் இந்தக் கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். கருவியை இயக்கத் தெரிவது டிஜிட்டல் எழுத்தறிவின் மிகச் சிறிய பகுதி. திரையில் வருவது யாருடையது, எதற்காக என் முன்னால் வந்தது, இதை நம்பிப் பணம் அனுப்பலாமா, சம்மதம் கொடுக்கலாமா, அடுத்தவருக்குத் தள்ளிவிடலாமா என்று ஒரு கணம் நின்று யோசிக்கத் தெரிவதே அதன் பெரும் பகுதி. அந்தப் பெரும் பகுதியை நாங்கள் கற்பிக்கவும் இல்லை, அளக்கவும் இல்லை. கற்பிக்காத ஒன்றைத் 'தானாக வந்துவிட்டது' என்று சொல்லி எங்கள் கடமையிலிருந்து நழுவுகிறோம்.

முதலில் எண்களைப் பார்ப்போம், மேடைகள் அவற்றைத்தான் காட்டுகின்றன. தொகைமதிப்பு மற்றும் புள்ளிவிபரத் திணைக்களம் 5 முதல் 69 வயது வரையானோரைக் கணக்கில் எடுக்கிறது. கணினியைத் தானாகப் பயன்படுத்தக் கூடியவர் கணினி அறிவு உள்ளவர். கணினி, மடிக்கணினி, டெப்லட், ஸ்மார்ட் போன் என்பவற்றுள் ஏதாவது ஒன்றைத் தானாகப் பயன்படுத்தக் கூடியவர் டிஜிட்டல் எழுத்தறிவு உள்ளவர். ஐந்து வயதுக் குழந்தை கணினியில் விளையாட்டு ஒன்றை விளையாடினாலே அது கணினி அறிவு உள்ள ஆளாகக் கொள்ளப்படும் என்று திணைக்களத்தின் அறிக்கைகளே உதாரணம் சொல்லி விளக்குகின்றன. இந்த அளவுகோலின்படி 2019இல் 45 வீதத்தைத் தொடாதிருந்த டிஜிட்டல் எழுத்தறிவு, 2021இல் 57 வீதமானது. அதே 2021இல் கணினி அறிவு 34 வீதமளவில் நின்றது.

இரண்டே ஆண்டுகளில் ஒரு நாட்டின் அறிவு இப்படித் தாவுமா? அந்த இரண்டு ஆண்டுகளில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் மாறின. நகையை அடகு வைத்தும் கடன் பட்டும் பெற்றோர் போன் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்த போனைப் பிள்ளைகளும் பெரியவர்களும் தட்டிப் பழகினார்கள். உயர்ந்தது போன்களின் எண்ணிக்கையும் அதைத் தொட்டவர்களின் எண்ணிக்கையும். அதற்கு எழுத்தறிவு என்று பெயர் வைத்ததால் அறிவு உயர்ந்துவிடாது.

இதே திணைக்களம் சாதாரண எழுத்தறிவை எப்படி அளக்கிறது என்று பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில், ஒரு சிறு பந்தியை விளங்கி வாசிக்கவும் எழுதவும் கூடியவரே எழுத்தறிவு உள்ளவர். 'விளங்கி' என்ற நிபந்தனை அங்கே இருக்கிறது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்காமல் பிடிக்கத் தெரிந்தவரை யாரும் வாசிக்கத் தெரிந்தவராகப் பதியவில்லை. காகிதத்துக்கு விளக்கம் வேண்டும் என்று கேட்ட அரசு, திரைக்கு வந்ததும் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. நான் சொல்லும் குறை முழுவதும் இந்த ஒரு விடுபடலிலிருந்தே கிளைக்கிறது.

ஆய்வுலகம் இந்த இடத்தை எப்போதோ கடந்துவிட்டது. டிஜிட்டல் எழுத்தறிவு என்ற சொல்லை 1997இல் தன் நூலின் மூலம் பரவலாக்கிய போல் கில்ஸ்டர், விசைகளைத் தட்டும் திறமையைத் தான் சொல்லவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கினார். பல மூலங்களிலிருந்து வரும் தகவலை விளங்கிக்கொண்டு மதிப்பிடும் ஆற்றலே அவர் பேசிய பொருள். 2002இல் ஆய்வாளர் எஸ்டர் ஹார்கிட்டாய், இணைய இணைப்பு உள்ளவர்களுக்கு இடையிலேயே இன்னொரு பிளவு இருப்பதை ஆய்ந்து காட்டினார். எல்லோரிடமும் இணையம் இருக்கும், ஆனால் தேடியதைக் கண்டுபிடிக்கும் திறமை ஆளுக்கு ஆள் பெரிதாக மாறும். 2004இல் இஸ்ரேலிய ஆய்வாளர் யோராம் ஏஷெட்-அல்கலாய் இந்த அறிவைப் பல கூறுகளாகப் பிரித்தபோது, தகவலைச் சந்தேகத்தோடு எடைபோடுவதற்கும் இணையத்தில் மற்றவர்களோடு பழகும்போது எழும் உணர்வுகளைக் கையாளுவதற்கும் தனித்தனி இடம் கொடுத்தார்.

நடுவில் ஒரு கருத்து மட்டும் காட்டுத்தீயாகப் பரவியது. 2001இல் அமெரிக்கரான மார்க் பிரென்ஸ்கி, இன்றைய பிள்ளைகள் டிஜிட்டல் உலகின் சுதேசிகள், பெரியவர்கள் அங்கே குடியேறியவர்கள் என்று எழுதினார். எங்கள் பரிசளிப்பு விழாப் பேச்சுகளின் மூலம் இதுதான். 2008இல் அவுஸ்திரேலியாவின் சூ பெனெட்டும் சக ஆய்வாளர்களும் இந்தக் கூற்றுக்குச் சான்று எங்கே என்று தேடிப் பார்த்தார்கள். ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள்ளேயே திறமையும் பயன்பாடும் பெரிதும் வேறுபடுகின்றன, பிறந்த ஆண்டை வைத்து அறிவைத் தீர்மானிக்க ஆதாரமில்லை என்று முடித்தார்கள். 2009இல் பிரென்ஸ்கியே அந்தப் பிரிப்பை விட்டு டிஜிட்டல் விவேகம் பற்றிப் பேசத் தொடங்கினார். சொன்னவர் நகர்ந்துவிட்டார். நாங்கள் இன்னும் அதே மேடையில் அதே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் வெளியிட்டுப் பின்னர் பலமுறை புதுப்பித்த டிஜிகொம்ப் என்ற டிஜிட்டல் திறன் சட்டகத்தில் ஐந்து பரப்புகள் உள்ளன: தகவலைத் தேடி மதிப்பிடல், தொடர்பாடல், உள்ளடக்கம் உருவாக்கல், பாதுகாப்பு, பிரச்சினை தீர்த்தல். 2018இல் யுனெஸ்கோ அதை உலக நாடுகளுக்குப் பொருத்தியபோது இரண்டு பரப்புகளைச் சேர்த்தது. கருவியையும் மென்பொருளையும் கையாளும் அடிப்படை ஒன்று, தொழில்சார் திறன் மற்றொன்று. ஆக, உலகம் ஏழு பரப்புகளாகப் பார்க்கும் அறிவில் கருவியைக் கையாள்வது ஏழில் ஒன்று. நாங்கள் அந்த ஒன்றை மட்டும் அளந்து, ஏழுக்கும் சேர்த்துப் புள்ளி போட்டுக்கொள்கிறோம்.

இது ஏட்டுக் கணக்கு என்று யாராவது நினைத்தால், 2019 ஏப்ரல் 21க்குப் பிந்திய நாட்களைக் கொட்டாஞ்சேனைக்காரர் எவரிடமும் கேட்கட்டும். கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்த உயிர்த்த ஞாயிறு அது. நாடெங்கும் 260க்கும் மேற்பட்டோர் மாண்ட அந்தத் தாக்குதல்களில் எங்கள் வீதிகளும் ஆட்களை இழந்தன. அரசு அன்றே பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் தடுத்தது. தடையைத் தாண்டும் வி.பி.என். செயலியை நிறுவுவது எப்படி என்பது அடுத்த நாளுக்குள் வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. ஜம்பட்டா வீதியில் பதினைந்து வயதுப் பையன்கள் அயலவர்களின் போன்களை வாங்கி, இரண்டு நிமிடத்தில் தடையை உடைத்துக் கொடுத்தார்கள். இயக்கும் திறமைக்கு இதைவிடப் பெரிய பரீட்சை வேண்டுமா? அதில் எல்லோரும் சித்தியடைந்தார்கள்.

அந்தத் திறமையின் வழியாக உள்ளே வந்தவை எவை? குழாய்த் தண்ணீரில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. அடுத்த குண்டு இந்தத் தெருவில் என்ற குரல் பதிவு வந்தது. வேறு நாட்டில் வேறு காலத்தில் எடுத்த படங்கள் கொழும்பின் படங்களாக வந்தன. பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தைச் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லும் செய்திகள் வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் 'தெரிந்தவர்களுக்கெல்லாம் உடனே அனுப்புங்கள்' என்ற வரி இருந்தது. அனுப்பினார்கள். அனுப்பிய பலர் படித்தவர்கள், நல்ல மனம் உள்ளவர்கள், அயலவர்களைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பியவர்கள். அவர்களிடம் இல்லாதது ஒன்றுதான்: இதை முதலில் சொன்னது யார் என்று கேட்டுவிட்டு, பதில் கிடைக்கும்வரை விரலை அடக்கும் பழக்கம். அதை அவர்களுக்கு எந்தப் பாடசாலையும் எந்தத் திட்டமும் பழக்கவில்லை.

'அதிகாரபூர்வமான செய்தியை மட்டும் நம்புங்கள்' என்று அன்று எல்லோரும் புத்தி சொன்னார்கள். அந்த வாரத்திலேயே, ஏப்ரல் 25ஆம் திகதி, பொலிஸ் வெளியிட்ட சந்தேகநபர்களின் படங்களில் தாக்குதலோடு எந்தத் தொடர்பும் இல்லாத, அமெரிக்காவில் வாழும் இலங்கை வம்சாவளிப் பெண் ஒருவரின் படமும் இருந்தது. அவர் அமெரிக்காவிலிருந்து மறுத்த பின்னர் பொலிஸ் தவறை ஏற்றுத் திருத்தியது. அதற்குள் அந்தப் படம் உலகைச் சுற்றிவிட்டது. நம்பத்தக்க மூலம் எது என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்ற எண்ணமும் இங்கே உடைகிறது. பட்டியலை மனப்பாடம் செய்வதால் காரியம் ஆகாது. ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இன்னொரு காட்சி தினமும் நடப்பது, ஆனால் யாரும் செய்தியாக்காதது. எங்கள் பகுதியின் எந்தக் கொமினிகேஷன் கடைக்கும் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். போட்டோ கொப்பி, ரீலோட், லெமினேட்டிங், இவற்றோடு ஒன்லைன் விண்ணப்பங்கள். அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா வருவார். வீட்டில் தானே யூடியூப்பில் பிரசங்கம் கேட்பார், கனடாவில் இருக்கும் மகளுக்குத் தானே வீடியோ கோல் எடுப்பார். திணைக்களத்தின் கணக்கில் அவர் டிஜிட்டல் எழுத்தறிவு உள்ளவர். விண்ணப்பத்தின் பக்கம் ஆங்கிலத்தில் திறக்கும்.

"அன்ரி, இப்ப உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதச் சொல்லுங்க."

"எனக்கு விளங்காது தம்பி, நீங்களே பாருங்க."

போன் கை மாறும். கடைத் தம்பி அடையாள அட்டை இலக்கத்தை அடிப்பார், மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் தானே உருவாக்குவார், கடவுச்சொல்லைத் தானே வைப்பார், அதைக் கடையின் கொப்பி ஒன்றில் எழுதுவார். நிபந்தனைகளை ஏற்கிறேன் என்ற பெட்டியில் அடையாளமிடுவதும் அவரே. அந்தத் தம்பி நேர்மையானவர், உதவி செய்கிறார், அவர்மேல் குற்றமில்லை. ஆனால் அந்த அம்மாவின் பெயரில் எங்கே எந்தக் கணக்கு இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, எதற்குச் சம்மதம் கொடுத்தார் என்பது அவருக்குத் தெரியாது. 2022 யூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது முச்சக்கரவண்டிக்காரர்களும் சிறு லொறிக்காரர்களும் இப்படித்தான் கடைக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். வாகனத்தின் செசி இலக்கம் முதல் தொலைபேசி இலக்கம் வரை அனைத்தையும் முன்பின் தெரியாத ஒருவரின் கணினியில் விட்டுவிட்டு வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஸ்மார்ட் போன் இருந்தது.

பிரிட்டிஷ் மானிடவியலாளர் பிரையன் ஸ்ட்ரீட் 1970களில் ஈரானியக் கிராமங்களில் செய்த களஆய்விலிருந்து வளர்த்த வாதம் இங்கே உதவும். எழுத்தறிவு என்பது ஒருவரின் தலைக்குள் மட்டும் இருக்கும் திறமையல்ல, யாருடைய மொழியில், யாருடைய நிறுவனத்தில், யாருக்கு அதிகாரம் இருக்கும் சூழலில் வாசிக்கிறார் என்பதோடு பின்னிய நடைமுறை அது என்றார். அந்த அம்மாவின் இயலாமையில் பாதி அவருடையதே இல்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனாலும் பல அரச இணையத்தளங்களில் முதற்பக்கம் மட்டும் தமிழில் இருக்கும், படிவத்துக்குள் போனதும் மொழி மாறிவிடும். தமிழ் இருக்கும் இடங்களிலும் அது இயந்திரம் பெயர்த்த, யாருக்கும் விளங்காத தமிழாக இருக்கும். ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் கணினி அறிவு வீதம் மிக உயர்வாக இருப்பதைத் திணைக்களத்தின் அறிக்கைகளே காட்டுகின்றன. வாசிக்க முடியாத பக்கத்தை முன்னால் வைத்துவிட்டு, வாசிக்கத் தெரியவில்லை என்று மக்களைக் குறை சொல்வது அநியாயம்.

'இது வயதானவர்களின் கதை, இளைஞர்கள் அப்படியல்ல' என்ற பதில் வரும். அந்தப் பதில்தான் என்னை அதிகம் கோபப்படுத்துவது. வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவின்படி தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பெயர்களை இலங்கை மத்திய வங்கி திரும்பத் திரும்ப வெளியிட்டு எச்சரிக்கிறது. அந்தத் திட்டங்கள் செயலியாகவும் சூம் கூட்டமாகவும் வட்ஸ்அப் குழுவாகவும் வந்து பிடித்தது இளைஞர்களையும்தான். மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட இலங்கையர்களை நினைத்துப் பாருங்கள். கணினி வேலை, டொலரில் சம்பளம் என்ற சமூக ஊடக விளம்பரத்தை நம்பிப் போனவர்கள். தட்டச்சு தெரிந்ததால்தான் மோசடிக்காரர்கள் அவர்களைத் தேடிப் பிடித்தார்கள். கணினி தெரியாதவர்களுக்கு அந்த முகாம்களில் வேலையே இல்லை. எந்தத் திறமையை நாங்கள் அறிவு என்று கொண்டாடினோமோ, அதற்காகவே அவர்கள் விலை பேசப்பட்டார்கள்.

வசதியான நாடுகளின் நிலையும் இதுதான். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க் குழு அமெரிக்க உயர்பாடசாலை மாணவர்கள் 3,446 பேரைச் சோதித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டது. ரஷ்யாவில் எடுக்கப்பட்ட ஒரு காணொளியை அமெரிக்கத் தேர்தல் மோசடி என்று பேஸ்புக்கில் காட்டினார்கள். கையில் இணையம் இருந்தது, தேடிப் பார்க்கலாம் என்ற அனுமதியும் இருந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதை வலுவான சான்று என்றார்கள். காணொளியின் உண்மையான மூலத்தைக் கண்டுபிடித்தவர்கள் மூவர் மட்டும். பிறந்தது முதல் கருவிகளோடு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். வயது கற்பித்திருந்தால் இவர்களுக்குக் கற்பித்திருக்க வேண்டும்.

இனி, எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களுக்கு வருகிறேன். 'கருவியே இல்லாதவனிடம் மதிப்பீட்டைப் பற்றிப் பேசுவது வீண், முதலில் கைக்கு எட்டட்டும்' என்பது முதல் வாதம். இதில் நியாயம் இருக்கிறது. கொவிட் காலத்தில் சிக்னலுக்காக மலையுச்சிக்கும் மரத்துக்கும் ஏறிய பிள்ளைகளின் படங்களை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பெருந்தோட்டத் துறையின் டிஜிட்டல் எழுத்தறிவு வீதம் இன்றும் நாட்டிலேயே குறைந்தது. கருவியும் இணைப்பும் அவர்களின் உரிமை, அதற்காகப் போராட வேண்டும். ஆனால் 'முதலில்' என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். போன் இன்று வாங்கப்பட்டால் மோசடிக் குறுஞ்செய்தி நாளைக்கே வரும். கருவியை இந்த ஆண்டும் அறிவைப் பத்தாண்டு கழித்தும் கொடுப்பதென்றால், இடைப்பட்ட பத்தாண்டின் நட்டத்தை ஏழைகள் சுமக்கிறார்கள். அரசு நாடெங்கும் திறந்த நெனசல என்ற கணினி நிலையங்களின் அனுபவமும் இதையே சொல்கிறது. கணினிகளை வைப்பது எளிது, அவற்றைச் சுற்றிக் கற்பிக்கும் ஆளையும் தாய்மொழி உள்ளடக்கத்தையும் நிலைநிறுத்துவதே கடினம்.

'பிள்ளைகள் தாமாகவே கற்பார்கள்' என்பதற்கு 1999இல் புதுடில்லியின் கல்காஜியில் ஆய்வாளர் சுகதா மித்ரா சுவரில் பதித்து வைத்த கணினியைச் சான்றாகக் காட்டுவார்கள். சேரிப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே அதை இயக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த இடத்தைப் போய்ப் பார்த்த ஆய்வாளர் மார்க் வார்ஷவர் தன் 2003 நூலில் மறுபக்கத்தையும் எழுதினார். பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே மொழியான ஹிந்தியில் அங்கே உள்ளடக்கம் இல்லை, பெரும்பாலும் படம் வரைந்தார்கள், விளையாடினார்கள், பெற்றோருக்கு மனக்குறை இருந்தது. தாமாகக் கற்றது இயக்குவதை மட்டும். சாவி திருப்பி முச்சக்கரவண்டியைக் கிளப்பத் தெரிந்த சிறுவனுக்கு யாரும் சாரதி அனுமதிப்பத்திரம் கொடுப்பதில்லை, வீதி ஒழுங்கு தெரியுமா என்றுதான் பார்க்கிறார்கள்.

'பொய் பரப்பினால் சட்டம் பார்த்துக்கொள்ளும்' என்பது அரசின் வாதம். 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான திகன வன்முறையின்போது சமூக ஊடகங்களைத் தடுத்தார்கள். 2019இல் தடுத்தார்கள். 2022 ஏப்ரலில், மக்கள் வீதிக்கு வந்தபோதும் தடுத்தார்கள். 2024இல் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். சிங்களத்தில் வெறுப்பைக் கொட்டிய பதிவுகளை அந்தந்த நேரத்தில் அகற்றத் தவறியதற்குப் பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. நிறுவனங்களைப் பொறுப்புக்கூற வைப்பது தேவைதான். ஆனால் எது பொய் என்று தீர்மானிக்கும் வேலையை முழுவதுமாக அதிகாரத்தின் கையில் கொடுத்த மக்கள், அதிகாரமே பொய் சொல்லும் நாளில் நிராயுதபாணிகளாக நிற்பார்கள். அந்த ஆயுதம் ஒவ்வொரு குடிமகனின் தலைக்குள்ளும் இருக்க வேண்டும்.

'தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் பாடமாகவே இருக்கிறதே' என்பது கடைசி வாதம். சாதாரண தரத்தில் அது தொகுதிப் பாடங்களுள் ஒன்று, எடுக்காதவர்கள் ஏராளம். எடுத்தவர்கள் துவித எண்களையும் விரிதாளையும் தரவுத்தளத்தையும் படிக்கிறார்கள். அவை தேவையானவை. ஆனால் வட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவை என்ன செய்வது என்பதற்கு அவற்றில் பதில் இல்லை. 2025 டிசம்பர் இறுதியில், புதிய கல்விச் சீர்திருத்தத்துக்காக அச்சிட்ட ஆறாந்தர ஆங்கில மொடியூலில் சிறுவர்களுக்குப் பொருந்தாத இணையத்தளம் ஒன்றின் பெயர் இருந்தது தெரியவந்து, அதன் விநியோகம் நிறுத்தப்பட்டது. பாடநூல் தயாரிப்பில் கைவைத்த எல்லோருக்கும் கணினி இயக்கத் தெரியும். ஆனாலும் அச்சுக்குப் போகுமுன் எந்தக் கட்டத்திலும் அந்த முகவரி பிடிபடவில்லை. கற்பிக்க வேண்டிய இடத்திலேயே இந்தப் பழக்கம் ஊன்றவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? பெருந்தொகைப் பணம் கேட்காத வேலைகளிலிருந்து தொடங்குகிறேன். எட்டாந்தரத் தமிழ் வகுப்பில் கிரகித்தலுக்கு எடுக்கும் பந்திகளுள் ஒன்றாக ஒரு வட்ஸ்அப் செய்தியை எடுங்கள். 'நாசா உறுதிப்படுத்தியது' என்று தொடங்கி 'பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்று முடியும் வழக்கமான செய்தி. இதை எழுதியவர் பெயர் எங்கே? திகதி எங்கே? எந்தச் சொற்கள் பயத்தை உண்டாக்குகின்றன? நான் இதை நம்புவதால் யாருக்கு இலாபம்? கரும்பலகையும் வெண்கட்டியும் போதும், இணையம்கூடத் தேவையில்லை. அடுத்த படியை வைன்பர்க்கும் சக ஆய்வாளர் சேரா மெக்ரூவும் 2017இல் காட்டினார்கள். வரலாற்றாசிரியர்கள் 10 பேரையும் ஸ்டான்போர்ட் மாணவர்கள் 25 பேரையும் செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேரையும் ஒரே இணையத்தளங்களின் முன் உட்கார வைத்தார்கள். மாணவர்களும் பெரும்பாலான வரலாற்றாசிரியர்களும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் வாசித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் பக்கத்தை விட்டு உடனே வெளியே வந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு சாளரங்களில் தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்களே. இது கற்றுக்கொடுக்கக்கூடிய பழக்கம். தமிழ், வரலாறு, சமயம், விஞ்ஞானம் என்று எந்தப் பாட ஆசிரியரும் கற்பிக்கலாம்.

அடுத்தது அளவீடு. திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் தொழிற்படை மதிப்பீட்டுக்காக ஏற்கனவே வீடு வீடாகப் போகிறார்கள், கணினி பற்றிய கேள்விகளையும் அதோடு சேர்த்தே கேட்கிறார்கள். தெரிந்தெடுத்த ஒரு பகுதி வீடுகளில் சிறு பணிகள் சிலவற்றைக் கொடுத்துப் பார்க்கட்டும். உண்மையான வங்கிச் செய்தி ஒன்றையும் போலி ஒன்றையும் காட்டி வேறுபாட்டைக் கேட்கட்டும். அரச படிவம் ஒன்றைத் தன் மொழியில் தானே நிரப்ப முடிகிறதா என்று பார்க்கட்டும். புதிய அளவீட்டில் வீதம் விழும். விழட்டும். உண்மையான குறைந்த எண்ணை வைத்துக்கொண்டு திட்டமிடலாம், பொய்யான உயர்ந்த எண்ணை வைத்து மாலைதான் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, அரசின் பக்கம். 2025 பெப்ரவரியில் அரச கொடுப்பனவுகளை இணையத்தில் செலுத்தும் கோவ்பே ஆரம்பிக்கப்பட்டது, டிஜிட்டல் அடையாள அட்டைக்கான வேலைகள் நடக்கின்றன. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைப் பற்றிப் பேசுகிறது. விளங்காத மொழியில் பெற்ற சம்மதம் சம்மதமாகுமா? ஒவ்வொரு படிவமும் முதற்பக்கம் முதல் கடைசிப் பொத்தான் வரை மனிதர் எழுதிய நல்ல தமிழில் இருக்க வேண்டும். பிரதேச செயலகங்களிலும் மாநகர சபை வாசிகசாலைகளிலும், போனைக் கையில் வாங்காமல் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் ஒருவர் இருக்க வேண்டும். இணையவழியே விரும்பாதவருக்கு அதே சேவை கருமபீடத்தில் கிடைக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லத் தெரிவதும் அதைச் சொல்ல இடம் இருப்பதும் இந்த அறிவின் பகுதியே.

இனி வருபவை இன்னும் கடினமானவை. செயற்கை நுண்ணறிவு தமிழில் எழுதுகிறது, பேசுகிறது. தெரிந்தவரின் குரலில் அவசரப் பணம் கேட்கும் அழைப்பை இனி எந்த வீடும் எதிர்பார்த்திருக்க வேண்டும். அந்த அழைப்பை எடுப்பதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை, போனை எடுத்தால் போதும். அதை வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த இலக்கத்துக்குத் தானே திருப்பி எடுத்து விசாரிக்க ஒரு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பாடசாலை நேர அட்டவணையிலும் அரசின் அளவீட்டிலும் ஏற்றும்வரை, நாட்டின் டிஜிட்டல் எழுத்தறிவு உயர்ந்துவிட்டது என்ற அறிவிப்பை நான் ஏற்கமாட்டேன். அந்த அறிவிப்பைச் செய்பவர் யாராக இருந்தாலும், என்ன கேள்வி கேட்டு இந்த வீதத்தைக் கண்டீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.